வாயினுள் ஒரு கரும்புள்ளி

(நலவாழ்வு அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கூறும்போது பல், இதழ், நா, அண்ணம் ஆகிய வாயின் உறுப்புகளை எண்ணிச் சொல்கிறது. ஓர் எழுத்து எங்கே பிறக்கிறது என்று அறிந்தால் அதன் இயல்பு விளங்கும் என்பது இலக்கணிகளின் வழி. வாய்நோய் மருத்துவர்கள் செல்லும் வழியும் ஏறத்தாழ அதுவே. வாயினுள் ஒரு கரும்புள்ளி தென்பட்டால் அவர்கள் முதலில் நோக்குவது அது தோன்றிய இடத்தைத்தான். இதழில் உள்ள புள்ளிக்கு ஒரு பொருள். ஈற்றில் உள்ள புள்ளிக்கு வேறொரு பொருள். மேலண்ணத்தில் உள்ள புள்ளிக்கு இன்னொரு பொருள்.

வாயினுள் தோன்றும் கருமை பெரும்பாலும் தீங்கற்றது. ஆயினும், பார்த்த மாத்திரத்தில் ‘இது தீங்கற்றது’ என்று எவரும் தீர்ப்பளித்துவிட இயலாது. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே மனத்தில் கொள்வது எளிதன்று. முதல் உண்மையை மறந்தவர் ஒரு சிறு புள்ளியைக் கண்டு புற்றுநோய் என்று அஞ்சி உறக்கம் இழக்கிறார். இரண்டாவது உண்மையை மறந்தவர் வளர்ந்துவரும் புள்ளியையும் ‘மச்சம்தானே’ என்று விட்டுவிடுகிறார். அச்சமும் அலட்சியமும் ஆகிய இவ்விரண்டுக்கும் நடுவே அறிவின் வழி ஒன்று உண்டு. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

வாயின் இயல்பான நிறம்

‘பவளவாய்’ என்பது தமிழ்ப் புலவர்கள் பெரிதும் போற்றிய உவமை. வியப்பு என்னவெனில், பல் மருத்துவ நூல்களும் நலமான ஈற்றின் நிறத்தைக் குறிக்கப் பவளத்தையே உவமையாகக் காட்டுகின்றன. பவளத்தின் இளஞ்சிவப்பே ஈற்றின் இயல்பான நிறம் என்று அவை எழுதுகின்றன. அவ்விலக்கணம் வெண்ணிற மேனியரை முன்வைத்துப் பிறந்தது. தமிழர், ஆப்பிரிக்கர் முதலிய கருநிற மேனியர் பலருக்கு ஈறு இளம்பழுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருப்பதே இயல்பு. அது நோயன்று, நோயின் அறிகுறியும் அன்று.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமியே வாயின் உட்சவ்வுக்கும் நிறம் தருகிறது. இந்நிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் உட்சவ்வின் அடியடுக்கில் அமைந்துள்ளன. வெண்ணிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் இவ்வுயிரணுக்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. அவை எவ்வளவு நிறமியை ஆக்குகின்றன என்பதில்தான் வேறுபாடு. எனவே கருத்த ஈறு என்பது கூடுதலான ஓர் உறுப்போ, சேர்ந்துவிட்ட அழுக்கோ அன்று. எத்தனை முறை துலக்கினாலும் அது வெளுக்காது. வெளுக்க வேண்டிய தேவையும் இல்லை.

இயல்பான இக்கருமையை அறிந்துகொள்ள நான்கு அடையாளங்கள் உள்ளன. முதலாவது, அது இளமை முதற்கொண்டே இருப்பது. இரண்டாவது, இடப்புறமும் வலப்புறமும் ஏறத்தாழ ஒத்து அமைவது. மூன்றாவது, பற்களை ஒட்டிய ஈற்றில் ஒரு பட்டைபோல் பரவி, ஈற்றின் மேற்பரப்பு இயல்பாகவே இருப்பது. நான்காவது, ஆண்டுகள் பல கடந்தும் விரைந்த மாற்றம் எதுவும் இல்லாதிருப்பது. இந்நான்கும் பொருந்தினால் மருத்துவர் எந்தச் சோதனையும் செய்யாமல், ‘இது உங்கள் பிறவி நிறம்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

இக்காலத்தில் ஈறுகளை வெளுக்கச் செய்யும் சிகிச்சைகள் பரவி வருகின்றன. நிறமி அடுக்கைச் சுரண்டியும் லேசர் கதிரால் நீக்கியும் ஈற்றைச் சிவப்பாக்குகிறார்கள். தன் சிரிப்பு இப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பிச் செய்துகொண்டால் அது அவருடைய உரிமை. ஆனால் அதனை நோய்க்கான சிகிச்சை என்று எண்ணிவிடக் கூடாது. பலருக்குச் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அந்நிறம் மீண்டும் வந்துவிடும் என்பதையும் முன்னரே அறிந்திருத்தல் நல்லது. பெண் பார்க்க வருபவர்கள் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, குறையற்ற ஈற்றைக் குறையுடையதாக எண்ணிப் பெண்பிள்ளைகளை வருத்துவது அறமாகாது.

கருநாக்கு

நாவில் கரும்புள்ளிகள் உள்ளவரைக் ‘கருநாக்கு’ உடையவர் என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. அவர் வாயிலிருந்து வரும் தீச்சொல் பலித்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் அப்படிப்பட்ட சிறுமி ஏதேனும் பேசினால், “நீ வாயை மூடு” என்று பெரியவர்களே அடக்குவதைக் கேட்கலாம்.

நாவின் மேற்பரப்பில் காளான் குடையைப் போன்ற மிகச் சிறிய முகிழ்கள் பல உள்ளன. சிலருக்கு அம்முகிழ்களின் தலைப்பகுதியில் மெலனின் நிறமி கூடுதலாகப் படிகிறது. நாவின் நுனியிலும் ஓரங்களிலும் பழுப்புப் புள்ளிகளாக அது தெரிகிறது. கருநிற மேனியரிடம் இது மிக இயல்பாகக் காணப்படும் ஒன்று. கருத்த ஈறு எத்தகையதோ அத்தகையதே கருநாக்கும். நாவின் நிறத்துக்கும் சொல்லின் பலிதத்துக்கும் எத்தொடர்பும் இல்லை. பேசவிடாமல் வளர்க்கப்படும் ஒரு குழந்தையின் உள்ளத்தில் படியும் வடுவே இங்குக் கவலைக்குரியது.

நாவின் நடுப்பகுதி முழுவதும் கரிய மயிர் முளைத்தாற்போல் தோன்றுவது வேறொரு நிலை. நாவின் மேலுள்ள நுண்ணிழைகள் உதிராமல் நீண்டு, அவற்றில் தேநீர், காப்பி, புகையிலை ஆகியவற்றின் சாயமும் நுண்ணுயிர்களும் தங்குவதால் அந்நிலை உண்டாகிறது. சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உட்கொண்ட பின்னரும் தோன்றலாம். காண்பதற்கு அச்சம் தருவதாயினும் இதுவும் தீங்கற்றதே. நாள்தோறும் நாவை வழிப்பதும், காரணமான பழக்கத்தை விடுவதும் பெரும்பாலும் போதுமானவை.

தனித்து நிற்கும் புள்ளி

மறு, மரு, மச்சம் என்னும் சொற்களைப் பேச்சில் கலந்து வழங்குகிறோம். வல்லின றகரத்தோடு வரும் ‘மறு’ என்பது களங்கம். நிலவின் மறுவைப்போல நிறத்தால் வேறுபட்டுத் தோன்றுவது. இடையின ரகரத்தோடு வரும் ‘மரு’ என்பது தோலின்மேல் புடைத்து வளர்வது. மருத்துவர்களும் முதலில் இவ்வேறுபாட்டையே காண்கிறார்கள். புள்ளி சமதளமாக இருக்கிறதா, விரலால் தடவினால் தட்டுப்படும்படி மேடாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

பிறவி நிறமாக அன்றித் தனியொரு புள்ளியாய்த் தோன்றுவனவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது ‘மெலனின் மறு’ எனத்தக்க சமதளப் பழுப்புப் புள்ளி. கீழுதட்டின் சிவந்த விளிம்பில் இது மிகுதி; அடுத்து ஈறு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் ஆகிய இடங்களிலும் வரும். பெரும்பாலும் 7 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. ஓரம் தெளிவானது, நிறம் எங்கும் ஒரே சீரானது, வலி, அரிப்பு எதுவும் தராதது. ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஓரளவு வளர்ந்து நின்றுவிடும். பிறகு பல்லாண்டுகள் அப்படியே இருக்கும். வெயிலில் திரிந்தால் கருத்து, நிழலில் இருந்தால் வெளிறும் தோற்புள்ளிகள் உதட்டில் வருவதும் உண்டு. மெலனின் மறு அவ்வாறு வெயிலுக்கு ஏற்ப மாறாது.

நிறமி உயிரணுக்களே ஓரிடத்தில் கூட்டமாகத் திரண்டால் அது உண்மையான மச்சம். தோலில் எவருக்கும் சில மச்சங்கள் இருக்கும். வாயினுள் அவை அரியவை. வருமாயின் கடின அண்ணத்தில்தான் மிகுதி. சற்றே மேடாக, பழுப்பாகவோ கருநீலமாகவோ தோன்றும். தீங்கற்றவையே ஆயினும் வாயினுள் காணும் மச்சத்தை முழுமையாக அகற்றி ஆய்வுக்கு அனுப்புவதே மருத்துவர்களின் வழக்கம். அதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

இன்னும் ஒருவகைப் புள்ளி உண்டு. கன்னத்தின் உட்புறத்தில் சில வாரங்களிலேயே விரைந்து பரவி அச்சுறுத்தும். பல்லால் கடிபட்டதும், உராய்வும் இதனைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. ஆப்பிரிக்க வழியினரான இளம்பெண்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட இதற்கு ‘மெலனோஅகாந்தோமா’ என்று பெயர். சிறு திசு எடுத்துப் பார்த்த பின் தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு. விரைந்து வளர்வன எல்லாம் புற்று அல்ல என்பதற்கு இது சான்று. ஆயினும் அதனைச் சொல்லும் உரிமை நுண்ணோக்கிக்கு மட்டுமே உண்டு.

வெளியிலிருந்து வந்த கருமை

உடல் ஆக்கிய நிறம் அன்றி, வெளியிலிருந்து புகுந்த பொருளும் கரும்புள்ளியாகலாம். இவற்றுள் முதன்மையானது பல்லடைப்பால் வருவது. மக்கள் ‘சில்வர் ஃபில்லிங்’ என வழங்கும் அடைப்பு, வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றைப் பாதரசத்தோடு குழைத்துச் செய்யும் கலவை. பழைய அடைப்பைக் குடைந்து எடுக்கும்போதோ, அடைத்த பல்லைப் பிடுங்கும்போதோ அதன் துகள்கள் சிராய்ப்பு வழியாக ஈற்றுக்குள் புகுந்து தங்கிவிடும். பச்சை குத்தியதுபோல் சாம்பல் கலந்த நீலமாகவோ கருமையாகவோ அவ்விடம் மாறும். பல் போய்ப் பல்லாண்டுகள் ஆன பிறகும் அந்நிறம் அங்கேயே நிற்கும். அடைப்பு இருந்ததையே மறந்துவிட்ட முதியவர் ஒருவர் அதைப் புதிய நோய் என்று எண்ணி மருத்துவரிடம் வருவது அரிதன்று. துகள்கள் பெரியவையாயின் எக்ஸ்ரே படத்தில் வெண்புள்ளிகளாகத் தெரியும். அத்துடன் ஐயம் தீர்ந்துவிடும். துகள்கள் மிக நுண்ணியவையாயின் படத்தில் தெரியாமலும் போகலாம்.

பள்ளிக்கூடங்களில் மற்றொன்று நிகழும். பென்சிலை வாயில் கவ்விக்கொண்டு ஓடும் மாணவன் விழும்போது அதன் கூர்முனை மேலண்ணத்தில் குத்தி உடைந்துவிடும். புண் ஆறிவிடும், உள்ளே தங்கிய கரி சாம்பல் நிறப் புள்ளியாய் வாழ்நாள் முழுவதும் இருக்கும். பென்சிலில் உள்ளது கிராஃபைட் என்னும் கரிப்பொருள். பெயரளவில் ‘லெட்’ என்று சொன்னாலும் அதில் ஈயம் இல்லை. ஆகவே நச்சேறும் என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அண்ணம் என்பது மருத்துவர்கள் எச்சரிக்கையோடு நோக்கும் இடம். ‘சிறுவயதில் பென்சில் குத்தியது’ என்ற ஒரு செய்தி அம்மனிதருக்குப் பின்னாளில் தேவையற்ற அறுவையைத் தவிர்க்க உதவலாம். அதனைப் பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லி வைப்பது நன்று.

குருதியும் கருமையாகத் தோன்றும். வயது முதிர்ந்தோர் நாவை மேலே தூக்கினால் அடியில் நீலநிறச் சிரைகள் முறுக்கி முண்டு முண்டாகத் தெரியும். உதட்டிலும் ஒரு சிரை புடைத்து நீலக்குமிழ்போல் நிற்கும். ஒரு கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து மெல்ல அழுத்தினால் குருதி விலகி நிறம் வெளிறும். விட்டால் மீண்டும் நீலமாகும். நிறமியோ உலோகத் துகளோ ஆயின் எவ்வளவு அழுத்தினாலும் நிறம் மாறாது. ஆயினும் சிரையினுள் குருதி உறைந்திருந்தால் அதுவும் வெளிறாது. அதனால் இது ஒரு துணைச் சோதனையே அன்றி முடிவான தீர்ப்பு அன்று.

பழக்கமும் மருந்தும்

புகைபிடிப்போரின் ஈறு கருப்பதனை 1977இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஹெடின் எடுத்துக்காட்டினார். கீழ்வரிசை முன்பற்களை ஒட்டிய ஈற்றில் இது மிகுதி. புகையின் நச்சுப் பொருள்களை எதிர்கொள்ளும் உட்சவ்வு கூடுதல் நிறமியை உண்டாக்கிக் காத்துக்கொள்ள முயல்கிறது என்பது அறிஞர் கருத்து. புகையை விட்டால் மாதங்களிலும் ஆண்டுகளிலும் அந்நிறம் படிப்படியாக மங்கும். தாய் தந்தையர் புகைக்கும் வீடுகளில் வளரும் பிள்ளைகளின் ஈறுகளிலும் கருமை கூடுதலாகக் காணப்பட்டதை ஜப்பானிய ஆய்வொன்று 2005இல் வெளியிட்டது. புகைக்காத குழந்தையின் வாயில் தந்தையின் புகை தன் கையெழுத்தை இட்டுவிடுகிறது. அக்கருமை தீங்கற்றதாக இருக்கலாம். அதனை உண்டாக்கிய புகை தீங்கற்றதன்று.

வெற்றிலை பாக்கு மெல்வோரின் வாயில் செம்பழுப்புக் கறை படியும். அது மேற்படிவு, துடைத்தால் ஓரளவு நீங்கும். ஆனால் பாக்கு மெல்லுவதால் கன்னத்தின் உட்புறம் வெளிறி, இறுகி, வாய் திறப்பது குறைந்து வருமானால் அது வேறு செய்தி. அது புற்றுநோய்க்கு முன்னோடியாகும் நிலை. அங்கே அஞ்ச வேண்டியது கருமையை அன்று, வெளிறலையே.

சில மருந்துகளும் வாயின் நிறத்தை மாற்றும். மலேரியாவுக்கு வழங்கப்பட்ட குளோரோகுயினும், இன்று மூட்டுவாதத்துக்கு வழங்கப்படும் ஹைட்ராக்சி குளோரோகுயினும் கடின அண்ணத்தில் நீலச்சாம்பல் நிறத்தை உண்டாக்கலாம். முகப்பருவுக்குத் தரப்படும் மினோசைக்ளின் எலும்பின் நிறத்தையே மாற்றி, அது மெல்லிய ஈற்றின் வழியே தெரியும்படி செய்யலாம். ஒருவகை இரத்தப் புற்றுக்கு வழங்கும் இமாட்டினிப் மருந்தும் அண்ணத்தை நீலமாக்குவதுண்டு. ஆகவே மருத்துவரைக் காணச் செல்லும்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். நிறம் மாறியது என்பதற்காக எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது.

உடல் எழுதும் குறிப்பு

சில வேளைகளில் வாயின் கருமை தன்னளவில் தீங்கற்றதாயினும், உடலின் வேறோர் இடத்து நோயைச் சுட்டும் குறிப்பாக அமையும். இலண்டன் நகரத்துக் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் அடிசன் 1855இல் இதனை உலகுக்கு அறிவித்தார். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் கெட்டவர்களுக்கு மேனியும் வாயும் கருப்பதையும், அவர்கள் சோர்ந்து மெலிவதையும் அவர் விவரித்தார். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வளர்ந்த ஒருவருக்கு வாயில் புதிதாகப் பரவலான கருமை தோன்றி, அதனுடன் தீராத களைப்பு, எடைக்குறைவு, எழுந்து நின்றால் தலைச்சுற்றல், உப்பின்மேல் மிகு விருப்பம் ஆகியவையும் சேருமாயின் மருத்துவர் இதனை எண்ணுவார். இந்தியாவில் காசநோய் இச்சுரப்பியைத் தாக்குவதும் ஒரு காரணம். காலத்தில் அறிந்தால் மாத்திரையால் வாழ்நாள் முழுவதும் நலமாக இருக்கலாம். அறியத் தவறினால் உயிருக்கே இடர்.

குழந்தையின் உதட்டிலும் உதட்டைச் சுற்றிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சிறு சிறு பழுப்புப் புள்ளிகள் பல சிதறித் தோன்றுவது மற்றொரு குறிப்பு. நெதர்லாந்து மருத்துவர் போய்ட்ஸ் 1921இலும் அமெரிக்க மருத்துவர் ஜெகர்ஸ் 1949இலும் விவரித்த இந்நோய் குடும்ப வழியாக வருவது. குடலில் சதைமுண்டுகள் வளர்ந்து அடைப்பும் குருதிக்கசிவும் உண்டாகலாம். பிற்காலத்தில் புற்று வரும் வாய்ப்பும் கூடும். தோலில் உள்ள புள்ளிகள் வயதோடு மங்கும். கன்னத்தின் உட்புறப் புள்ளிகள் நிலைக்கும். ஆதலால் வளர்ந்தவரிடம் இந்நோயைக் காண விரும்பும் மருத்துவர் வாயைத் திறந்து பார்க்கிறார். இதே தோற்றத்தில் நகங்களிலும் கருங்கோடுகளுடன், குடல்நோய் எதுவும் இன்றி வருவது 1970இல் லோஜியே, ஹுன்சிகர் இருவரும் கூறிய தீங்கற்ற நிலை. தோற்றம் ஒன்று, பொருள் இரண்டு. இவற்றைப் பிரித்தறிவதற்குக் குடும்ப வரலாறும் வயிற்றின் வரலாறும் வேண்டும்.

ஈயம் உருக்கும் தொழிலாளரின் ஈற்று விளிம்பில் நீலக்கோடு ஓடுவதை ஹென்றி பர்ட்டன் என்னும் இலண்டன் மருத்துவர் 1840இல் குறித்தார். உடலில் ஈயம் ஏறியதற்கு அக்கோடு அடையாளம். பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் எடுக்கும் சிறுதொழில் இன்றும் நடைபெறுவதால் அச்செய்தி இன்னும் பழமையாகிவிடவில்லை.

அஞ்ச வேண்டியது எது?

நிறமி உயிரணுக்களில் பிறக்கும் புற்றுக்கு மெலனோமா என்று பெயர். வாயினுள் அது மிக அரிது. மேலை நாடுகளில் மெலனோமா நோயாளர் நூற்றுவரில் ஒருவருக்குக்கூட அது வாயில் வருவதில்லை. தோலில் மெலனோமா குறைவாகவே வரும் இந்தியர், ஜப்பானியர் போன்றோரிடம், வருவனவற்றுள் வாயில் வருவதன் பங்கு ஒப்பளவில் கூடுதல். பெரும்பாலும் நடுவயது கடந்தவர்களுக்கே வருகிறது. அது விரும்பி அமரும் இடங்கள் கடின அண்ணமும் மேல்வரிசை ஈறும். மச்சமும் அண்ணத்திலேயே மிகுதியாக வருவதால்தான், அங்குத் தோன்றும் மச்சத்தை அகற்றி ஆராய்கிறார்கள். வெறுங்கண்ணுக்குத் தீங்கற்ற மச்சமும் தொடக்கநிலை மெலனோமாவும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும்.

புள்ளியின் இரு பாதிகளும் ஒவ்வாமை, ஓரம் சிதைந்திருத்தல், ஒரே புள்ளியில் பழுப்பும் கருமையும் நீலமும் கலந்திருத்தல், வாரந்தோறும் பெரிதாதல், மேடாதல், புண்ணாதல், குருதி கசிதல், அருகிலுள்ள பல் காரணமின்றி ஆடுதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். தொடக்கத்தில் வலி இராது. வலிக்காததால் தீங்கில்லை என்று எண்ணிக் காலம் கடத்துவதே இந்நோயில் பெரும் இழப்புக்குக் காரணம். இது முற்றிய நிலையில் அறியப்பட்டால் காப்பது கடினம்.

அறியும் ஒழுங்கு

மருந்துக்கு முன் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய வேண்டும் என்னும் ஒழுங்கினைத் திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ வற்புறுத்துகிறது. கரும்புள்ளியை ஆராயும் மருத்துவரும் படிப்படியாகவே செல்கிறார்.

முதற்படி கேள்வி. எப்போதிருந்து உள்ளது? மாறி வருகிறதா? புகையிலைப் பழக்கம் உண்டா? என்னென்ன மருந்துகள்? பல் அடைத்ததுண்டா? அடிபட்டதுண்டா? குடும்பத்தில் எவர்க்கேனும் உண்டா? இரண்டாம்படி பார்வை. ஒன்றா, பலவா? இருபுறமும் ஒத்ததா? சமதளமா, மேடா? நிறம் சீரானதா? மூன்றாம்படி எளிய சோதனைகள். கண்ணாடி அழுத்தம், எக்ஸ்ரே, தேவையாயின் இரத்தப் பரிசோதனை.

இம்மூன்று படிகளிலும் விடை கிடைக்காதபோது நான்காவது படியாகிய திசு ஆய்வு வேண்டும். மருத்துவமனைகளில் இதனைப் பயாப்ஸி என்பர். புதிதாகத் தோன்றிய தனிப்புள்ளி, காரணம் விளங்காத புள்ளி, வளரும் புள்ளி, அண்ணத்திலோ மேல் ஈற்றிலோ உள்ள புள்ளி ஆகியவற்றுக்கு இது பொருந்தும். அவ்விடத்தை ஊசியால் மரத்துப்போகச் செய்து, சிறு புள்ளியாயின் முழுவதையும் எடுத்து, ஓரிரு தையல் இடுவார்கள். பல் பிடுங்குவதைவிட எளிது. எடுத்த திசுவை ஃபார்மலின் கரைசலில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவர். அங்கே அதனை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காண்பர். மெலனின் மறுவாயின் அடியடுக்கில் நிறமி மட்டும் மிகுந்திருக்கும். மச்சமாயின் உயிரணுக் கூட்டங்கள் தெரியும். பல்லடைப்புத் துகளாயின் நார்களின் வரிசையை ஒட்டிக் கரும்பொடி தூவியதுபோல் காணப்படும். வாய்க்கு வெளியே ஒன்றுபோல் தோன்றியவை அங்கே தத்தம் முகத்தைக் காட்டிவிடுகின்றன.

‘கத்தி பட்டால் புற்று பரவிவிடும்’ என்னும் அச்சம் மக்களிடம் ஆழமாக உள்ளது. அவ்வச்சத்தால் ஆய்வைத் தள்ளிப்போடுவோர், பரவுவதற்கு வேண்டிய காலத்தைத் தாமே அளித்துவிடுகின்றனர். ஆய்வின் முடிவு பெரும்பாலும் ‘தீங்கற்றது’ என்றே வரும். அப்படி வந்தபின், ‘ஒன்றுமில்லாததற்கு வீணாக வெட்டினார்களே’ என்று குறைகூறுவோரும் உண்டு. ஒன்றுமில்லை என்று உறுதியாக அறிந்ததே அவ்வாய்வின் பயன். ஐயத்தோடு கழியும் ஓராண்டைவிட ஓரிரு தையலின் வலி சிறிது.

இல்லத்தில் செய்யத்தக்கது

மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கைகளைக் கழுவிக்கொண்டு வாயைப் பார்த்துக்கொள்ளலாம். இதழ்களை மடித்து உட்புறம் காண வேண்டும். கன்னங்களை விரலால் விலக்க வேண்டும். நாவை நீட்டியும் இருபுறம் சாய்த்தும் மேலே தூக்கியும் பார்க்க வேண்டும். தலையைப் பின்சாய்த்து அண்ணத்தை நோக்க வேண்டும். பொய்ப்பற்கள் அணிவோர் அவற்றைக் கழற்றிவிட்டுப் பார்த்தல் வேண்டும். அவற்றின் அடியில் மறைந்திருக்கும் அண்ணமே கவனிக்கப்படாத இடம். கண்பார்வை குறைந்த முதியோருக்கு வீட்டிலுள்ள இளையோர் இதனைச் செய்து உதவலாம். புள்ளி ஏதேனும் இருந்தால், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துக் கைபேசியில் படமெடுத்து நாளையும் குறித்து வைத்தால், ‘வளர்ந்ததா’ என்னும் மருத்துவரின் கேள்விக்கு ஊகத்தால் அன்றிச் சான்றோடு விடை கூறலாம். கருப்பாயினும் சிவப்பாயினும் வெளுப்பாயினும், 2 வாரங்களுக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மெலனோமாவிலும் நிறமற்ற வகை உண்டு. நிறத்தை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

அவையோரே, இயல்பான நிறத்தை நோயென்று அஞ்சாமையும், மாறிவரும் புள்ளியை இயல்பென்று விட்டுவிடாமையும் ஆகிய இரண்டையும் ஒவ்வோர் இல்லத்திலும் பெரியோர் இளையோர்க்குக் கற்பித்தல் வேண்டும். பிள்ளையின் கருநாக்கைப் பழிக்காதீர்கள். பெண்ணின் கருத்த ஈற்றை எண்ணி வருந்தாதீர்கள். பாட்டனாரின் அண்ணத்தில் புதிதாய்த் தோன்றிய புள்ளியை மட்டும் பல் மருத்துவர் ஒருவரிடம் இவ்வாரமே காட்டிவிடுங்கள்.